பாதி வழியில் நிற்கிற பிக்கப்

அத்தியாயம் பன்னிரண்டு

அற்புதராணி வந்தது உப்புக் கேட்டுத்தான். உப்பைப் பேணியில் வாங்கிக்கொண்டு வாசல் படலை வரை போனவள், திரும்பி நின்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போனாள் என்பது சென்ற வாரமே உங்களுக்குத் தெரியும்.

"மச்சாள், அண்ணையின்ரை பிக்கப் வழியிலை நிக்குது, நிக்குது எண்டு ஊரெல்லாம் சொல்லுறியள். எங்கை நிக்குது எண்டு ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

புருஷனின் தங்கை கேட்கிற கேள்விக்குள் என்ன இருக்கும் என்று கலியாணம் கட்டிய எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று சோறு போடும்போதே றோஸ் தொடங்கினாள்.

"பிக்கப் நேற்று எங்கை நிண்டது?"

"கைதடி தாண்டி, ஒரு வேம்படியிலை," என்றான் சிமியோன்.

"முந்தநாள்?"

"அதிலைதான்."

"திரும்பி வரேக்கை?"

"அதிலைதான், றோஸ். நான் என்ன செய்ய? அது அதிலைதான் நிக்குது."

"ஆற்றை வீட்டு வேம்பு?"

"ஆரோ ஒரு கமலாவதியின்ரை வீட்டுப் படலை."

'ஆரோ' என்று தொடங்கியவன் பேரோடு முடித்தான். அதற்குப் பிறகு றோஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவள் அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. எந்தப் புதினத்தையும் துருவிக் கேட்கிற விடுப்புக்காகக் குருநகரில் அவளுக்கு 'விடுப்பு றோஸ்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் மற்றப் பெண்கள் வேலிக்குள்ளால் எட்டிப் பார்ப்பார்கள். றோஸ் நேரே உள்ளே போய் என்ன நடந்தது என்று கேட்பாள். பிறத்தியார் வீட்டுக்கே அப்படியென்றால், சொந்த வீட்டுக்குக் கேட்கவேண்டுமா?

"நாளைக்கு நானும் சாவகச்சேரிக்கு வாறன்," என்றாள்.

"என்னத்துக்கு?"

"செத்தல் மிளகாய் வேண்ட."

"நான் வேண்டியாறன்."

"உங்களுக்கு மிளகாய் பாக்கத் தெரியாது."

உண்மையில் அவனுக்கு மிளகாய் பார்க்கத் தெரியாது.

* * *

பிக்கப்பைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் குடும்பத்தில் அதுவும் ஓர் ஆள்.

பழைய டீசல் வண்டி. முன்பக்கம் ஒரு நிறம், கதவு வேறொரு நிறம். மீன் தண்ணீரும் உப்புக்காற்றும் தின்று பின்பெட்டித் தகரம் இற்றுப்போன இடங்களில் பிஸ்கட் ரின்னை வெட்டி வைத்து ஆணி அடித்திருந்தான் சிமியோன். பற்றறி செத்துப்போய் நெடுநாள், அதனால் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணவேண்டும். டீசல் தாங்கியும் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சீற்றுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் கானைக் கட்டி, சாக்கால் சுற்றி, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் விட்டிருந்தான்.

கானுக்குள் இருந்ததும் டீசல் அல்ல. யுத்தத்தோடு பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் டீசலுக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய்தான். வெறும் மண்ணெண்ணெய் வறண்ட சாமான், பம்பைத் தேய்த்துவிடும் என்பதால் அதற்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் சேரும். சேர்ப்பது றோஸின் வேலை. சொதிக்குப் பால் அளப்பது போல அளந்து, பழைய சீலைத் துண்டில் வடித்து, போகும்போது கான் நிறைய ஊற்றுவாள். வரும்போது ஊற்ற அதே அளவைப் போத்தல்களில் கட்டிக் கொடுப்பாள். பிக்கப் புகை விட்டால் தெருவெல்லாம் பணியாரம் சுடுகிற வாசம் வரும். சின்னப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள்.

காலையில் நாலு பேர் சேர்ந்து, வள்ளம் தள்ளுகிற அதே சத்தத்தோடு பிக்கப்பைத் தள்ளினார்கள். இரண்டு முறை தும்மி மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. பின்பெட்டியில் நண்டும் இறாலும் நிறைந்த பனையோலைக் கடகங்கள், மேலே ஈரச்சாக்கு. முன் சீற்றில் றோஸ், மடியில் ஒரு வெறும் பை.

பாசையூர் தாண்டுமுன்னமே அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"உது ஏன் நிக்குது?"

"தெரிஞ்சால் திருத்தியிருப்பனே."

"என்னென்ன செய்து பாத்தனீங்கள்?"

இப்படி ஒருத்தர் கேட்கமாட்டாரா என்று இவ்வளவு நாளும் காத்திருந்தவன் போலச் சிமியோன் சொல்லத் தொடங்கினான். முதல் தடவை நின்றபோது பில்ரரைக் கழற்றிக் கழுவினான், ஓடியது. அடுத்த தடவை, குழாய்க்குள் காத்து ஏறியிருக்கும் என்று நட்டை இளக்கிக் காத்தை வெளியே எடுத்தான், அதற்கும் ஓடியது. வெயிலில் குழாய் சூடாகி மண்ணெண்ணெய் ஆவியாகிறது என்று சந்தையில் ஒருவர் சொன்னார். ஈரத்துணியைச் சுற்றினான், ஓடியது. கடைசியில் பாசையூர் அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தான்.

"அதுக்கும் ஓடினதோ?"

"உடனை."

"எல்லாத்துக்கும் ஓடுது. ஆனால் அடுத்தமுறை நிக்குது."

"ஓம். அதுதான் விசர் பிடிக்குது."

றோஸ் அரியாலைப் பக்கத்துப் பனைகளைப் பார்த்தபடி வந்தாள். பிறகு சொன்னாள்:

"இஞ்சேருங்கோ. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மல்லித்தண்ணி குடுத்தாலும் மாறுது, குளிசை குடுத்தாலும் மாறுது, நேத்தி வைச்சாலும் மாறுது எண்டால், ஒண்டும் குடுக்காட்டிலும் மாறும் எண்டுதானே அர்த்தம்?"

சிமியோன் றோட்டை மறந்து அவளைப் பார்த்தான். எதிரே வந்த சைக்கிள்காரர் ஏசிக்கொண்டு விலகினார்.

"அப்ப?"

"அப்ப இண்டைக்கு நிண்டால் நீங்கள் ஒண்டுமே செய்யக்கூடாது. ஸ்பனரிலை கை வைக்கப்படாது."

"நண்டு செத்துப்போமடி."

"செத்தால் நான் கறி வைக்கிறன்."

இது அவள் வாயால் சொன்னது. மனதுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெண்சாதி பக்கத்தில் இருக்கிறபோது பிக்கப் நிற்காமலே போய்விட்டால்? வேம்படியைத் தாண்டி, இருமாமல் தும்மாமல் ஓடிப்போனால்? அப்போது பழுது எஞ்சினில் இல்லை என்றாகிவிடும். நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது சேலைத் தலைப்புக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதாவே, உந்தப் பிக்கப் நிக்கவேணும். இண்டைக்குக் கட்டாயம் நிக்கவேணும்.

தன் வண்டி நடுவழியில் நிற்கவேண்டும் என்று மன்றாடிய பெண் அன்றைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

* * *

கைதடிச் சந்தி போனது. கொஞ்சத் தூரம் கழித்து எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு இன்னொரு முறை. பிறகு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சோர்ந்தது.

"கேட்டியோ?" என்றான் சிமியோன் வேதனையோடு.

"கேட்டன்!" என்றாள் றோஸ். அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்கு விளங்கவில்லை.

கியரை எடுத்துவிட்டு வண்டியை உருளவிட்டான். அது தன் கடைசி மூச்சில் உருண்டுபோய் ஒரு பெரிய வேம்பின் கீழ், ஒரு படலைக்கு முன்னால் நின்றது.

"ஏன் இதிலை விட்டனீங்கள்? அங்காலை விட்டிருக்கலாமே."

"இதிலை நிழல். கிணறும் இருக்கு. வெயிலுக்கை விட்டால் நண்டு தாங்காது."

நியாயமான காரணங்கள்தான். காரணங்கள் அளவுக்கு மேல் நியாயமாக இருந்தால் றோஸுக்கு இன்னும் விடுப்பு வரும்.

படலை திறந்தது. கையில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண் வந்தாள். றோஸிலும் இரண்டு வயது குறைவாக இருக்கலாம். நெற்றியில் திருநீறு, முழங்கை வரை தோட்டத்து மண்.

"என்ன அண்ணை, இண்டைக்குப் பிந்திப்போனியள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் றோஸைக் கண்டாள். "அக்காவோ? ஐயோ, வாங்கோ, வாங்கோ! அண்ணை உங்களைப் பற்றித்தான் எப்பவும் கதைக்கிறவர்."

"என்னைப் பற்றி என்ன கதைக்க இருக்கு?"

"உங்கடை நண்டுக்கறி. நாங்கள் சைவம், அக்கா. கேக்கேக்கை எனக்கே வாயூறும், பேந்து போய்க் கால்முகம் கழுவுவன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். றோஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் வேம்பைப் பார்த்தாள். ஒரு நல்ல கோபத்தைக் கவனமாகப் பொத்திக் கொண்டுவந்திருந்தாள். அதை இறக்கிவைக்க இங்கே இடம் கிடைக்கவில்லை.

கமலாவதியின் புருஷன் ஜேர்மனியில். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கத்தரியும் வாழையும் போட்டிருக்கிறாள், தண்ணீர் இறைப்பதும் அவளே. கேட்காமலே இவ்வளவும் சொன்னாள். தோட்டத்தில் தனியாக நிற்கிற ஆட்களுக்குக் கதைக்க ஒரு மனிதர் கிடைத்தால் எல்லாமே ஒன்றாக வரும்.

"பிக்கப் இதிலைதான் நிக்கும்," என்றாள். "போகேக்கையும் இதிலை, வரேக்கையும் இதிலை. கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு, அவ்வளவுதான். நானும் யோசிச்சுப் பாத்தன். மாடு எண்டால் பழகின இடத்திலை நிக்கும் எண்டு விடலாம். இது இரும்பெல்லோ?"

"ரெண்டு பக்கத்தாலையும் இதிலையோ?" றோஸ் நிமிர்ந்தாள். அந்தக் கேள்வியை அவளும் வீட்டில் கேட்டவள்தான். அப்போது அது அவளுக்கு ஒரு பெண்ணைப் பற்றிய கேள்வியாக இருந்தது. இப்போதுதான் முதல்முறையாக அது ஒரு எஞ்சினைப் பற்றிய கேள்வியாகப் பட்டது.

சிமியோன் பொனற்றைத் திறக்கப் போனான்.

"வேண்டாம்!" என்றாள் றோஸ். "சொன்னது என்ன?"

"ஒருக்கால் அந்த நட்டை மட்டும்..."

"சும்மா இருங்கோ."

"ஒண்டும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும், அக்கா?" என்று கேட்டாள் கமலாவதி.

"அதைத்தான் பாக்கப்போறம்."

கமலாவதிக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடிப்போய்த் தேத்தண்ணி போட்டு, ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியோடு கொண்டுவந்தாள். மூவரும் வேம்பின் கீழ் நின்று, நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் போலப் பிக்கப்பைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். சிமியோன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். ஸ்பனர் இல்லாமல் அந்தக் கைகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தேத்தண்ணி முடிந்தது. சைக்கிளில் வந்த இரண்டு பேரை மறித்து, அவர்களும் பெண்கள் இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். பிக்கப் இருபது அடிகூட உருளவில்லை, அதற்குள் கர்ரென்று பிடித்துக்கொண்டது. புகை வந்து மூக்கில் ஏறியது.

"ஒண்டுமே செய்யேல்லை!" என்று சிமியோன் கத்தினான். "ஒண்டுமே செய்யேல்லை, ஓடுது!"

றோஸ் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். மூச்சு வாங்கியது, கையெல்லாம் கரி. இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நெடுநாளாகிவிட்டது. பிக்கப் உண்மையாகவே நிற்கிறது. அவன் நிறுத்தவில்லை. பெண்சாதி பக்கத்தில் இருந்தும், பார்த்துக்கொண்டிருந்தும், அது தானாகத்தான் செத்தது. அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரிகளோடு தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

இனி மிச்சம் இருந்தது ஒரு கேள்விதான். சும்மா நின்றால் ஏன் சுகமாகிறது?

* * *

சாவகச்சேரிச் சந்தையில் நண்டும் இறாலும் கெதியாக விற்றுப்போய்விட்டன. கடகங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சிமியோன் திரும்பும் வழிக்கு எண்ணெய் ஊற்றப் போத்தல்களை எடுத்தான். றோஸ் செத்தல் மிளகாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சீற்றில் முழங்காலை ஊன்றி நின்று பார்த்தாள்.

அவன் சாக்கை விலக்காமலே, மேலால் கையை விட்டுக் கானின் மூடியைத் திருகினான்.

உஸ்ஸ்ஸ்.

"உதென்ன சத்தம்?"

"எது?"

"இப்ப கேட்டதே."

"அதோ? ஒவ்வொரு நாளும் இஞ்சை திறக்கேக்கை உந்தக் கான் ஒரு பெருமூச்சு விடும். என்னைப்போலை அதுக்கும் களைப்பு."

றோஸ் சிரிக்கவில்லை. "மூடுங்கோ. திருப்பி மூடுங்கோ. இல்லை, வேண்டாம், விடுங்கோ. சாக்கைக் கழட்டுங்கோ."

"ஏனடி?"

"கழட்டுங்கோவன்."

நைலோன் கயிற்றை அவிழ்த்துச் சாக்கை இறக்கினான். கான் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், பல்லுப்போன கிழவரின் கன்னம் போல உள்ளே குழிந்து கிடந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கன்னம் 'டப்' என்று வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றக் கன்னமும் வந்தது.

"காத்து," என்றாள் றோஸ். "காத்துப் போக வழியில்லை. எண்ணெய் வெளியிலை போகப் போக உள்ளுக்கை ஒண்டுமில்லாமல் இழுத்துப் பிடிக்குது. பால் ரின்னிலை ஒரு ஓட்டை போட்டுப்போட்டுக் கவிழ்த்தால் பால் வருமே? ரெண்டு போடவேணும். ஒண்டாலை பால் வரும், மற்றதாலை காத்துப் போகும்."

"அதுக்குத்தானே மூடியிலை நான் ஆணியைச் சூடாக்கி ஒரு ஓட்டை போட்டனான்," என்றான் சிமியோன். "அது கிடக்கவேணும். பார்."

றோஸ் மூடியை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்ன மரத்துண்டு. அதைச் சுற்றி உருக்கி ஊற்றிய குங்கிலியம், வழுவழுவென்று, விரலால் அழுத்தித் தேய்த்த அடையாளத்தோடு. மூடியின் உட்பக்கத்தில், அளவாக வட்டம் வெட்டிய சைக்கிள் ரியூப் துண்டு. மிகவும் துப்புரவான வேலை. யார் செய்திருந்தாலும் பெருமைப்படலாம்.

செய்தது அவளேதான்.

இறால் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மணக்குது என்று சந்தையில் ஒரு மனிசி திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சிமியோன் வந்து சொன்ன நாள் அது. வண்டி குலுங்கும்போது மூடியின் ஓட்டையால் மண்ணெண்ணெய் துள்ளிச் சாக்கெல்லாம் ஊறியிருந்தது. றோஸின் தகப்பன் வள்ளக்காரன். ஓட்டையைக் கண்டால் முதலில் அடை, பிறகு யோசி என்று வளர்ந்த பிள்ளை அவள். வள்ளத்துப் பலகைக்கு வைப்பது போலவே மரத்துண்டை இறுக்கி, குங்கிலியத்தை உருக்கி வைத்தாள். குருநகரில் பிறந்த எவளும் அதைத்தான் செய்திருப்பாள். அது மனிதன் வேண்டுமென்று போட்ட ஓட்டையாக இருக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றியிருக்காது. செய்துவிட்டு மறந்தும் போனாள். பிக்கப் நிற்கத் தொடங்கியது அதற்கு அடுத்த நாள்.

மூடி அவள் கையில் இருந்தது. நகத்தால் குங்கிலியத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, பழுதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். அற்புதராணியின் முகத்தையும் ஒரு முறை நினைத்துப் பார்த்தாள்.

"இதை அடைச்சது நான்தான்," என்றாள்.

"என்ன?"

"நான்தான். ஓட்டைக் கான் எண்டு நினைச்சு அடைச்சுப்போட்டன்."

சிமியோன் மூடியை வாங்கி, திருப்பிப் பார்த்து, பிறகு பிக்கப்பில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினான். பக்கத்து மரக்கறிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

"பம்ப் முடிஞ்சுது எண்டாங்கள். எஞ்சினைக் கழட்டு எண்டாங்கள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி வேறை! வள்ளம் மாதிரி அடைச்சு வைச்சிருக்கிறாய். கடலிலை விட்டாலும் மிதக்கும் உது!"

"அதுசரி, ஏன் அதிலையே நிண்டது?" விடுப்பு றோஸ் விடவில்லை. "பாருங்கோ. வீட்டிலை, இரவெல்லாம் நிண்டு காத்துப் போனபிறகு, சத்தமில்லாமல் திறந்து கான் நிறைய ஊத்துறன். பாதி வழி போக இழுத்துப் பிடிக்குது. நிண்டு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ளை மூடிக்குள்ளாலும் குழாய்க்குள்ளாலும் கொஞ்சம் கொஞ்சமாக் காத்துப் போகுது. அந்தக் காத்தோடை இஞ்சை வரைக்கும் வாறியள். இஞ்சை திறந்து திரும்பவும் அதே அளவு ஊத்துறியள். திரும்பவும் பாதி வழி."

"வேம்படிதான் பாதி வழி," என்றான் சிமியோன் மெதுவாக.

"வேம்படிதான் பாதி வழி."

அந்த வேம்பு அங்கே முளைத்தது கமலாவதியின் குற்றமில்லை. றோஸும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் வந்தது. அவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் ஒரு சின்ன மரத்துண்டு என்று தெரிந்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

"நான் என்னெல்லாம் நினைச்சுப்போட்டன்," என்றாள்.

"என்ன நினைச்சனீ?"

"ஒண்டுமில்லை."

சிமியோன் திரும்பிக் கேட்கவில்லை. போத்தலின் தக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

தேநீர்க்கடை அடுப்பில் ஒரு கம்பியைச் சூடாக்கி, குங்கிலியத்தை இளக்கி, மரத்துண்டைப் பிடுங்கினார்கள். மண்ணெண்ணெய் மறுபடி துள்ளாமல் இருக்க ஒரு வழி வேண்டுமே? மை முடிந்த பேனையின் குழாய் ஒன்றை றோஸ் ஓட்டையில் செருகி, மேல்நோக்கி நிறுத்திச் சுற்றிவர அடைத்தாள். காற்றுப் போகும், எண்ணெய் துள்ளாது. ஓட்டையும் இருந்தது, அடைப்பும் இருந்தது. சிமியோன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ், நாளையிலை இருந்து நீங்கள்தான் மெக்கானிக்," என்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

* * *

திரும்பும்போது பிக்கப் புதுவண்டி போல ஓடியது. அப்படித்தான் றோஸுக்குப் பட்டது. பின்பெட்டி வெறுமையாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாக்கைத் திரும்பக் கட்டவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். கானைப் பார்த்துக்கொண்டே வரவேண்டுமாம். அடிக்கடி கையைப் பின்னால் விட்டு அதன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். குண்டாகவே இருந்தது.

"நுணாவில் தாண்டியாச்சு," என்றாள்.

"ம்."

"இண்டைக்கு நிக்காது."

"ம்."

சந்தையில் அவ்வளவு சிரித்தவன் இப்போது பேசவில்லை. களைப்பாக்கும் என்று அவள் நினைத்தாள். விடியமுதல் எழும்பிய மனிதன்.

அவளோ பேசுவதற்கு நிறையவே வைத்திருந்தாள். வேம்படியைக் கடக்கும்போது கையைக் காட்டி, என்ன நடந்தது என்று கத்திச் சொல்லவேண்டும். நாளைக்கோ மறுநாளோ, கமலாவதிக்கு நல்ல மாம்பழமாக நாலு கொடுத்துவிடவேண்டும், பாவம், எத்தனை வாளி தண்ணீர் சுமந்திருக்கிறாள். அற்புதராணிக்கு உப்புக் கொடுக்கும்போது பால் ரின் கதையை எப்படித் தொடங்குவது என்றும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

தூரத்தில் வேம்பு தெரிந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

பிறகு வண்டியின் வேகம் குறைந்தது.

றோஸ் உடனே கானைப் பார்த்தாள். கன்னம் குழியவில்லை. பேனைக் குழாய் நட்டது நட்டபடி இருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டாள். எஞ்சின் இருமவில்லை, தும்மவில்லை. அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தாள்.

சிமியோனின் கால் பிறேக்கில் இருந்தது.

பிக்கப் வேம்பின் கீழ், அந்தப் படலைக்கு முன்னால், வழமையான இடத்தில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

"என்னப்பா?" என்றாள் றோஸ்.

அவன் ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியேற்றருக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாளும் உதவி செய்த மனிசிக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போவோம் என்றிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் இருந்தாள்.

"தெரியேல்லை, றோஸ்," என்றான். "கால் தன்ரை பாட்டுக்குப் பிறேக் போட்டுது."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. அற்புதராணியின் கேள்வியோடு சோற்றுக்கு முன்னால் இருந்தபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. அப்போது அவன் ஏதோ மறைக்கிறான் என்று நினைத்தாள். இப்போதோ அவனுக்கே தெரியாத ஒன்றை அவன் கால் தெரிந்துவைத்திருந்தது.

படலை திறந்தது. கமலாவதி வாளியோடு, முகம் நிறையச் சிரிப்போடு வந்தாள். இரண்டு மூன்று அடி வைத்த பிறகுதான் எஞ்சின் சத்தம் அவள் காதில் ஏறியிருக்கவேண்டும். நின்றுவிட்டாள். பிக்கப்பைப் பார்த்தாள், சிமியோனைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இண்டைக்குப் பழுதில்லையோ, அண்ணை?" என்று மெல்லக் கேட்டாள்.

றோஸ் கதவைத் திறந்து இறங்கினாள். பிக்கப்பைச் சுற்றிவந்து, அவனுக்கும் கமலாவதிக்கும் நடுவில் நின்றாள்.

"பழுதைக் கண்டுபிடிச்சிட்டம், தங்கச்சி. எஞ்சின் வடிவா ஓடுது," என்றாள். "இவர்தான் பிறேக் போட்டவர்."

கமலாவதி வாளியை நிலத்தில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் சிமியோனைப் பார்க்கவில்லை.

"நீங்கள் உள்ளை வாங்கோ, அக்கா," என்றாள். "அண்ணை இதிலை நிக்கட்டும். நான் உங்களோடை கதைக்கவேணும்."